குழப்படி இல்லாத பிள்ளையளும் ஏ.டி.எச்.டியும்

நேரத்துக்கு வந்தவைக்கும் பிந்தி வந்தவைக்கும் நன்றி. இண்டைக்குக் கதைக்கப்போறது பிந்தி வாறவையைப் பற்றியும்தான்.

ஏ.டி.எச்.டி எண்டதும் எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வாறது கதிரையில இருக்கமாட்டாத ஒரு பெடியன். அவனை ரீச்சர் கண்டுபிடிப்பா, ஏனெண்டால் அவன் ரீச்சருக்குத் தொல்லை. ஜன்னலுக்கு வெளியில பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கிற பிள்ளை ஒருத்தருக்கும் தொல்லை இல்லை. அந்தப் பிள்ளை, பல நேரம் பெண்பிள்ளை, ஒருவர் கண்ணிலும் படாமல் வளர்ந்துவிடுகிறது. இங்கிலாந்தில் நைஸ் அமைப்பின் வழிகாட்டல் பெரியவர்களையும் சேர்த்து வெளிவந்ததே 2008இல்தான்.

பெரியவர்களில் இது எப்படித் தெரியும்? அந்த ஓட்டம் உடம்பில குறைஞ்சு தலைக்குள்ள போயிடும். கவுன்சில் அனுப்பின கடிதம் மூண்டு மாதமாய் பையுக்குள்ள உடைக்காமல் கிடக்கும். விருப்பமான வேலை எண்டால் சாப்பாடும் மறந்து ஆறு மணித்தியாலம். விருப்பமில்லாத ஒரு ஈமெயில் எண்டால் இரண்டு கிழமை. மனம் இருக்கும், கை போகாது. இதைத்தான் வீட்டில பஞ்சி எண்டு சொல்லுறது.

எங்கட வீடுகளில் இன்னொரு விசயம் இருக்கு. எழுப்பிறது அம்மா, சாப்பாடு கட்டித் தாறது அம்மா, சனிக்கிழமை ரியூசனுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் ஏத்தி இறக்கிறதும் அம்மா. பிள்ளையின்ர முழு நேரசூசியும் அம்மான்ர தலைக்குள்ள. பிறகு பத்தொன்பது வயசில வேற ஊர்ப் பல்கலைக்கழகம். முதல் வருசத்திலயே எல்லாம் சரியும். "கெட்டிக்காரியா இருந்தவள், இஞ்ச வந்து கெட்டுப்போனாள்" எண்டு சொந்தக்காரர் கதைப்பினம். வருத்தம் பத்தொன்பதில வரேல்லை. தாங்கிப் பிடிச்ச கைதான் விலகினது.

2013இல் வந்த டி.எஸ்.எம்-5 நூலின்படி அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டுமல்ல, வீடு, வேலை, படிப்பு என்று இரண்டு இடங்களிலாவது வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். 17 வயதிலிருந்து ஒரு பட்டியலில் ஐந்து அறிகுறி போதும், சின்னப் பிள்ளைக்கு ஆறு. கேள்வித்தாளை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று நைஸ் தெளிவாகச் சொல்கிறது. நித்திரைக் குறைவு, தைரொய்ட், மனச்சோர்வு எல்லாமே இதே மாதிரித் தோற்றம் காட்டும். ஆகவே டிக்டொக் வீடியோ ஒண்டைப் பார்த்துவிட்டு ஓமெண்டும் முடிவெடுக்காதேங்கோ, இல்லையெண்டும் முடிவெடுக்காதேங்கோ.

சின்ன வயசைப் பற்றிக் கேட்க டொக்டர் அம்மாவைத் தேடுவார். என்ர அம்மாட்ட கேட்டபோது, "சீ, நல்ல பிள்ளை, குழப்படியே இல்லை" எண்டா. பென்சில் பெட்டி துலைச்சவளோ எண்டு கேட்டன். "ஐஞ்சாறு துலைச்சனி. அது எல்லாரும்தானே, நானும் அப்பிடித்தான்." இது பரம்பரையில் வலுவாக இறங்குகிற ஒன்று. அதனாலேயே குடும்பத்துக்குள் அது வழமையாகத் தெரியும்.

சரி, அம்மா பக்கத்தில் இல்லாதவர்? வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படித்து, 2009க்குப் பிறகு இங்கே வந்தவரிடம் பள்ளி அறிக்கை கேட்டால் எங்கே போவார்? அவருடைய பதற்றமும் கவனச் சிதறலும் போரால் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா, இரண்டுமா? பிரித்துப் பார்க்க நேரமும் மொழி தெரிந்த ஆளும் வேண்டும். என்.எச்.எஸ் வரிசையோ பல இடங்களில் வருடக்கணக்கு. காசிருப்பவர் ஆயிரம் பவுண் அளவில் கொடுத்துத் தனியாரிடம் போகிறார். இரவு ஷிப்ட் செய்யிறவர் "பொறுப்பில்லாதவர்" எண்ட பேரோட வேலையை இழக்கிறார். எனக்கு இது முதலில் வர்க்கப் பிரச்சினை, பிறகுதான் மருத்துவப் பிரச்சினை.

இரண்டு விசயம் தெரிஞ்சு வைச்சிருங்கோ. இங்கிலாந்தில் 'ரைட் டு சூஸ்' உரிமைப்படி, என்.எச்.எஸ் ஒப்பந்தம் உள்ள வேறொரு இடத்துக்கு அனுப்பும்படி ஜீ.பியிடம் கேட்கலாம், ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் இது இல்லை. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பார்ப்பது நாளாந்த வாழ்க்கையில் நீண்டகாலப் பாதிப்பு இருக்கிறதா என்பதை. வேலையிடத்தில் மாற்றம் கேட்க, வரிசை முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

எங்கட கூட்டங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலையை வாயால மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் எழுதி அனுப்புவம், ஒவ்வொண்டுக்கும் இரண்டு பேரைப் போடுவம். மூண்டு கூட்டத்துக்கு வராதவரைப் பட்டியலில இருந்து வெட்ட முதல் ஒருக்கால் போன் எடுப்பம்.

அம்மா அப்பாட்ட கேட்கக்கூடிய கேள்வியளைத் தமிழில எழுதிக் கொண்டு வந்திருக்கிறன். 'குழப்படி' எண்ட சொல்லு அதில ஒரு இடத்திலயும் இல்லை. தேவையானவை தேத்தண்ணி நேரத்தில என்னட்ட வாங்கிக்கொள்ளுங்கோ.