கல் நட்ட பின்னரா கருத்துக் கேட்பது?



புதிய சாலை திறக்கப்படும் நாளில் பந்தல் உண்டு, மேளம் உண்டு, மாலை உண்டு. அச்சாலைக்கு ஒப்புதல் கிடைத்த நாளை எவரேனும் கொண்டாடியதுண்டா? ஆயினும், எவருடைய நிலம் போகும், எவருடைய கிணறு தூரும் என்பது முடிவாவது திறப்பு நாளில் அல்ல; ஒப்புதல் நாளில்தான். அந்த ஒப்புதல் எங்ஙனம் பிறக்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டாமா?

பெருஞ்சாலை போடக் கடக்கவேண்டிய வாயில்கள் முக்கியமாக இரண்டு. முதல் வாயில் நிலம். 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி அரசிதழில் அறிவிக்கை வெளிவரும். 21 நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். அதன் பின்னர் வெளியாகும் பிரகடனத்தோடு நிலம் மத்திய அரசின் உடைமையாகிவிடும். 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க ஆய்வு வேண்டும் என்றது. ஆனால் நெடுஞ்சாலைக்கு அவ்வாய்வு கட்டாயமில்லை என விலக்கும் தந்தது!

இரண்டாம் வாயில் சுற்றுச்சூழல். 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி, திட்டத்தால் விளையும் நன்மை தீமைகளை ஆய்ந்து அறிக்கை தரவேண்டும். அதைத் தருபவர் யார்? திட்டத்தைக் கொண்டுவருபவரே! அவ்வறிக்கையை உரைத்துப் பார்க்கும் உரைகல்தான் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்புத் தந்து கூட்டவேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர்தம் பிரதிநிதியோ தலைமை தாங்கவேண்டும். நிகழ்ச்சி முழுதும் படம் பிடிக்கப்படவேண்டும். பின்னர் வல்லுநர் குழு ஆராயும். முடிவு கூறுவது அரசு.

இவ்விரு வாயில்களில் எது முதலில் திறக்கவேண்டும்? இந்தக் கேள்விதான் சென்னை – சேலம் எட்டு வழிச் சாலை வழக்கில் எழுந்தது. 277 கிலோமீட்டர் நீளம். ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய்த் திட்டம். 2018-இல் வயல்களிலே அளவுக்கல் நடப்பட்டபோது உழவர் உள்ளம் கொதித்தது. சுற்றுச்சூழல் அனுமதியின்றி நிலம் எடுப்பது செல்லாது என்று 2019 ஏப்ரல் 8-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நில எடுப்புக்கான முதல் அறிவிக்கைக்கு முன் அவ்வனுமதி தேவையில்லை, பணி தொடங்குமுன் பெற்றால் போதும் என்று 2020 டிசம்பர் 8-ஆம் நாள் உச்சநீதிமன்றம் கூறியது.

சட்டம் அதுவே, மறுக்கவில்லை. ஆனால் நியாயத்தை எண்ணிப் பாருங்கள். வயலிலே கல்லை நட்டுவிட்டு, "உன் கருத்தென்ன?" என்று உழவனைக் கேட்பது, தாலி கட்டிய பின் பெண்ணின் சம்மதத்தைக் கேட்பது போன்றதன்றோ?

"ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் நாடு முன்னேறுவது எப்போது?" என்பார் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு: கருத்துக்கேட்பை முடிக்க விதி தரும் காலம் 45 நாள். மேற்சொன்ன இரு தீர்ப்புகளுக்கும் இடையே கழிந்தது 20 மாதம். எது தாமதம்? கேட்பதா, கேளாமையா?

கேட்பது மட்டும் போதுமா? புரியும் மொழியில் கேட்கவேண்டும். இந்த விதிகளையே மாற்ற 2020-இல் ஒரு வரைவு வந்தது. 30 நாள் முன்னறிவிப்பை 20 நாளாகக் குறைக்க முனைந்தது அது. வெளிவந்ததோ ஆங்கிலத்திலும் இந்தியிலும்! அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதை வெளியிடுக என டில்லி உயர்நீதிமன்றம் 2020 ஜூன் 30-ஆம் நாள் ஆணையிட்டது. மத்திய அரசு அதை ஏற்றதா? உச்சநீதிமன்றத்தின் படியேறியது! திட்ட ஆய்வறிக்கையிலும் இதே நிலைதான். வட்டார மொழியில் விதி கேட்பது சுருக்கத்தை மட்டுமே. நிலம் முழுதாகப் போகும். செய்தி மட்டும் சுருக்கமாக வருமாம்!

இதைப் படிக்கும் தோழரே, உமது ஊருக்கும் ஒரு நாள் அத்தகைய கூட்டம் வரலாம். குறைந்த அளவு இத்தனை பேர் வரவேண்டும் என்னும் நிபந்தனை அதற்கில்லை. நாற்காலிகள் காலியாக இருந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும். ஆகவே செல்லுங்கள். எழுத்திலும் தாருங்கள், எழுந்தும் பேசுங்கள். பேசியதோடு திரும்பிவிடாதீர்கள். நடவடிக்கைக் குறிப்பை மக்களின் மொழியிலே விளக்கிப் படித்துக்காட்டிய பின்னரே ஆட்சியர் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. அதுவரை அமர்ந்திருங்கள்.

சாலை வேண்டாம் என்பதற்கல்ல இந்த உரை. சாலை நாட்டுக்குத் தேவை. அந்த நாட்டுக்குள்தான் உழவனும் இருக்கிறான். அவனைக் கேட்டு அமைவதே நல்வழி!