சீக்கிய மறையில் நம் புராண மாந்தர்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

சீக்கியர் போற்றும் குரு கிரந்த சாகிபில் நம் புராண மாந்தர் பலர் வருகின்றனர். இதனை முதன்முதல் அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. துருவன், பிரகலாதன், அகலிகை, திரௌபதி, விதுரர், அசாமிளன், முதலை வாயினின்று மீண்ட யானை எனப் பெயர்களை வரிசைப்படுத்தி, “ஆகவே சீக்கியம் நம் சமயத்தின் கிளையே” என்று முடித்து ஓர் உரை எழுதினேன். பின்னர் அதனைக் கிழித்துவிட்டேன். ஏன் கிழித்தேன் என்பதே இன்றைய பேச்சு.

ஐந்தாம் குருவாகிய அர்ஜன் தேவர் இம்மறையை 1604ஆம் ஆண்டில் தொகுத்தார். ஒன்பதாம் குரு தேக் பகதூரின் பாடல்கள் பின்னர்ச் சேர்ந்தன. 1708இல் பத்தாம் குரு கோவிந்த சிங், தமக்குப்பின் மறையே குரு என்றார். இன்று அது 1430 பக்கங்களாக அச்சிடப்படுகிறது. நெசவாளரான கபீர்தாசர், செருப்புத் தைத்த இரவிதாசர், மராட்டிய நாமதேவர், இஸ்லாமியராகிய ஷேக் பரீத் ஆகியோர் பாடல்களும் அதில் உண்டு.

அப்பாடல்களில் நம் கதைகள் எதற்காக வருகின்றன? அரசன் மாளிகையினும் ஏழை விதுரர் குடிசையே இறைவனுக்கு உவப்பு என்கிறார் கபீர்தாசர். கடலை அகழியாகக் கொண்ட இலங்கையை ஆண்ட இராவணன் வீட்டில் விளக்கேற்றவும் ஆளில்லாது போயிற்று என்றும் அவரே பாடுகிறார். சம்பந்தப் பெருமான் தம் பதிகந்தோறும் எட்டாம் பாட்டில் இராவணன் செருக்கடங்கியதைப் பாடும் மரபை அறிந்த நமக்கு இது புதிதன்று. நம் கரைக்கு அப்பால் தொடங்கும் சேதுவும் அங்கே உண்டு. குரு நானக்கர் சித்தர்களோடு உரையாடும் பாடலில் அணை கட்டியதும் இலங்கை வீழ்ந்ததும் வருகின்றன. அங்கே இராவணன் என்பது நம் அகந்தையே என்று பொருள் கூறுவர். கல் மிதந்த கதையை நாமதேவர் எடுத்தாள்வது, தாழ்ந்தவரெனத் தள்ளப்பட்டவரும் கரையேறலாம் என்று காட்டவே.

ஆயினும் அம்மறை அவதாரங்களை வணங்கச் சொல்லவில்லை. இறைவன் ஒருவன், காலங்கடந்தவன், கருவிற் பிறவாதவன் என்பதே அதன் தொடக்க மொழி. இராமன் என்ற பெயரும் அங்கே பெரும்பாலும் அந்த ஒருவனையே குறிக்கும். பிறப்பிலி என்று சிவனைப் போற்றும் நமக்கு இக்கருத்து அயலன்று. எனினும் அதனால் அவர்கள் மறை நம் உடைமையாகிவிடாது.

நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். ஒருமுறை ஆசிரியர் ஒருவர், நம் புராணங்களில் நல்லவை யாவும் தம் வேதத்தின் நிழலே என்றார். அன்று என் நெஞ்சு நொந்தது. நான் எழுதிய உரையை மீண்டும் வாசித்தபோது, அவர் குரலே என் எழுத்திற் கேட்டது. நமக்கு நோவைத் தந்ததை நாம் பிறர்க்குத் தரலாமா?

நம் கடலிலுள்ள அந்த மணற்றிட்டுகளை நாம் இராமர் அணை என்கிறோம். அயல்வீட்டார் ஆதாம் பாலம் என்கின்றனர். இரு பெயரும் இவ்வூரில் ஒன்றாகவே வாழ்கின்றன. நண்பர்களே, பிரகலாதனைப் பிறர் மறையிற் காணும்போது, “இவன் எங்கள் பிள்ளை” என்று மகிழ்வோம். அவனுக்கு இடமளித்த வீட்டையும் எங்களது என்று சொல்லாதிருப்போம்.