பலகையைப் பார்க்காதே, பாடத்தைப் பார்!

(பட்டிமன்றத் தலைப்பு: மின்வாகனத் துறையில் வேலை தேடும் பிள்ளைக்குப் பெரிதும் துணை நிற்பது புதிய பட்டமா? அடிப்படைப் படிப்பா? ‘அடிப்படைப் படிப்பே’ என்ற அணியில் பேசியது.)

அன்பிற்குரிய நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் சூடாகப் பேசிவிட்டு, இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணித் தங்கையே! வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

ஐயா, நான் தமிழில் டாக்டர். பட்டம் வாங்கின புதுசுல வீட்டு வாசல்ல ‘டாக்டர்’னு ஒரு பலகை மாட்டினேன். அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு அம்மா, காய்ச்சல்ல கிடந்த பிள்ளையைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டாங்க. (சிரிப்பு) மறுநாள் காலையில பலகையைக் கழற்றிட்டேன். பலகை ஒன்று சொல்லும்; உள்ளே இருப்பது வேறாக இருக்கும் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

எதிரணித் தங்கை என்ன சொன்னாங்க? “ஓசூரில் ஏத்தர் ஸ்கூட்டர், போச்சம்பள்ளியில் ஓலா, தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் கார் ஆலை! வேலை வாசலுக்கே வந்தாச்சு. ‘மின்வாகனப் பொறியியல்’ என்று பெயர் போட்ட பட்டத்தை வாங்கு, உள்ளே போ!” என்றார்கள். வேலை வந்தது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலைக்கு உள்ளே என்ன தேவை? அதைப் பார்க்க வேண்டாமா?

பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் ஒரு பெட்டி. உள்ளே சின்னச் சின்ன செல்கள், நூற்றுக்கணக்கில்கூட இருக்கும். கல்யாணப் பந்தி மாதிரி! பந்தி விசாரிக்க ஒரு மாமா சுற்றிச் சுற்றி வருவாரே... யார் இலையில் சாதம் குறைவு, யாருக்கு அதிகம் என்று பார்ப்பாரே, அதே போல ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும், ஆங்காங்கே வெப்பத்தையும் கவனிக்க ஒரு மின்னணு அமைப்பு உண்டு. பி.எம்.எஸ். என்பார்கள். மாமா அசந்தால் பந்தியில் சண்டை. (சிரிப்பு) இது அசந்தால் தீ! 2022-ல் நம் நாட்டில் மின்ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததும், அதற்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு இறுக்கியதும் நமக்குத் தெரியும். அந்த மாமாவை உருவாக்குகிறவனுக்கு என்ன தெரியணும்? வேதியியல், மின்னணுவியல், கொஞ்சம் நிரல் எழுதும் பழக்கம். எல்லாம் பழைய பாடம்தானே!

இன்னொன்று. சில மின்கார்களில் 400 வோல்ட் இருந்த இடத்தில் இப்போது 800 வோல்ட் வைக்கிறார்கள். ஏன்? அதே சக்திக்கு வோல்ட் இரண்டு மடங்கானால், ஓடும் மின்னோட்டம் பாதியாகும். மின்னோட்டம் பாதியானால், அதே கம்பியில் வீணாகும் வெப்பம் பாதி இல்லீங்க... நாலில் ஒரு பங்கு! இது புதுப் பட்டத்தின் ரகசியமா? பள்ளிக்கூட இயற்பியல் ஐயா! (கைதட்டல்)

அந்த லித்தியம் பேட்டரிக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கொடுத்தார்கள். அதில் ஒருவர் ஜான் குட்இனஃப். பெயருக்குப் பொருளே ‘இது போதும்’. ஆனால் மனுஷன் போதும்னு உட்காரவே இல்லை! முதலில் படித்தது கணிதம். இரண்டாம் உலகப் போரில் பார்த்தது வானிலை வேலை. அப்புறம் வாங்கியது இயற்பியலில் டாக்டர் பட்டம். 1980-ல், அறுபதை நெருங்கும் வயதில், பேட்டரிக்கான லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டுபிடித்தார். பரிசு வாங்கியபோது வயது 97! “மெக்கானிக்கல் படிச்சா இனி பிழைப்பில்லை” என்றும் தங்கை சொன்னார்கள். 2001-ல் பெங்களூரிலிருந்து ரேவா என்ற மின்காரைக் கொண்டுவந்த சேத்தன் மைனி படித்தது மெக்கானிக்கல்தான் அம்மா!

இனி நான் சொல்லப்போவது விளையாட்டுப் பேச்சல்ல.

1998. அப்பா இல்லாத வீடு. என் தம்பிக்கு அண்ணன் சொல்தான் சட்டம். அவன் சின்ன வயசுலேயே மின்விசிறியைப் பிரித்து மாட்டுகிறவன். “மின்னியல் படிக்கிறேண்ணா” என்றான். “எல்லாரும் கம்ப்யூட்டர்ங்கறாங்க, நீ என்னடா மோட்டார்ங்கறே?” என்று அதட்டி, பளபளப்பான பெயர் கொண்ட ஒரு படிப்பில் கொண்டுபோய்த் தள்ளினேன். அவன் 2002-ல் வெளியே வந்தான். அதற்குள் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பல சரிந்து, வேலை இல்லை. கடைசியில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் காயில் கட்ட உட்கார்ந்தான். இன்றைக்கு அவனுக்கே சொந்தமாக அப்படி ஒரு கடை. என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் ஐயா எனக்குப் பெரிய தண்டனை.

அவன் மகள் போன வருஷம் பன்னிரண்டாவது முடித்தாள். “பெரியப்பா, நான் மின்வாகனத் துறைக்குப் போகணும்” என்றாள். தம்பி கையில் ஒரு கல்லூரியின் வழவழப்பான விளம்பரப் புத்தகம். கடையை அடமானம் வைக்கவும் தயாராக நிற்கிறான்! இந்தத் தடவை நான் அதட்டவில்லை. மூவரும் போய்ப் பார்த்தோம். ஆய்வகத்தில் மின்கார் இருக்கிறதா என்று கேட்டோம். இருந்தது... கண்ணாடி அறைக்குள்ளே! “தொடக்கூடாது” என்று எழுதியும் இருந்தது. (சிரிப்பு) தொட முடியாத காரிலே பிள்ளை என்னத்தைக் கற்கும்?

வேறொரு கல்லூரிக்குப் போனோம். சாதாரண மின்னியல் துறை. மேசை மேல் பிரித்துப் போட்ட மோட்டார். தரையெல்லாம் கிரீஸ். அங்கிருந்த பேராசிரியர் அவளிடம் வழி சொன்னார்: “முதல் வருஷம் கணக்கை விடாதே. இரண்டாம் வருஷம் மோட்டாரும், அதை ஆளும் பவர் எலெக்ட்ரானிக்ஸும். மூன்றாம் வருஷம் நிரல் எழுதி நீயே ஒரு மோட்டாரை ஓட்டிப் பார். மின்வாகனத்தை விருப்பப் பாடமாக எடு. ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடம் இருக்கு, கேட்கக் காசு வேண்டாம். கடைசி வருஷம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி எடு.” நாலு வருஷத் திட்டம் நாலு வரியில்!

நான் புதுப் படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை நடுவர் அவர்களே. இன்றைக்கு லித்தியம், சோடியம் பேட்டரியும் வர ஆரம்பித்துவிட்டது. பொருள் மாறும், பெயர் மாறும். அடிப்படை தெரிந்தவன் கூடவே மாறிக்கொள்வான். பெயரை மட்டும் படித்தவன் பலகையோடு நிற்பான்.

அவளைச் சேர்த்துவிட்டுத் திரும்பினேன். தம்பியைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தால், அந்த மோட்டாரின் காயிலை விரலால் தடவிக்கொண்டே நிற்கிறான். 1998-ல் நான் அவனைச் சேர்க்காமல் விட்ட வகுப்பு ஐயா அது!

எனக்கு நேர்ந்த தவறு இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எந்த அண்ணனுக்கும், எந்த அப்பாவுக்கும் நேர வேண்டாம். துணை நிற்பது அடிப்படைப் படிப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)