கத்திகளுக்கு ஜப்பானியர் வைத்த பெயர்கள்

(நமது குடியிருப்பின் மாதாந்திரச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்போது ஆன்லைனில் சமையலறைப் பொருள் தேடினால் ஜப்பானியக் கத்திகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பெட்டி, சான்டோகு, கியூட்டோ என்று பெயர்கள். கூடவே, சாமுராய் வாளின் நேர் வாரிசு என்பது போல விளம்பரம். விலையும் அதற்கேற்றபடி. இந்தப் பெயர்களின் பொருள் தெரிந்தால், எந்தக் கத்தி எந்த வேலைக்கு என்பது புரிந்துவிடும். விளம்பரத்தில் எவ்வளவு உண்மை என்பதும் தெரிந்துவிடும்.

சின்னக் கத்தியிலிருந்து தொடங்குகிறேன். பழம் நறுக்க, தோல் சீவ, பூண்டு அரிய உதவும் 12 முதல் 15 செ.மீ. அலகுள்ள கத்தியை ஜப்பானில் 'பெட்டி நைஃபு' என்கிறார்கள். இது நம் ஊர்ப் பெட்டி அல்ல. பிரெஞ்சு மொழியில் 'பெத்தி' என்றால் சிறியது. ஆங்கிலத்தில் அதுவே 'பெட்டி' ஆயிற்று. நம் பொருளாளர் கையில் இருக்கும் பெட்டி கேஷும் இந்தக் கத்தியும் பெயரளவில் உடன்பிறப்புகள்! வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சின்னக் கத்தியை 'கூத்தோ தோஃபிஸ்' என்பார்கள். சரக்கறைக் கத்தி என்று பொருள். பிரெஞ்சு உரிச்சொல்லையும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லையும் சேர்த்து 'பெட்டி நைஃபு' என்று ஒட்டவைத்தது ஜப்பான்தான்.

ஜப்பானிய மொழியில் சமையல் கத்திக்குப் பொதுப்பெயர் 'ஹோச்சோ'. 'நைஃபு' என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். சின்னக் கத்திகளில் இவை இரண்டும் எங்கெங்கே வருகின்றன என்று பாருங்கள். பழம் நறுக்குவது 'குடமோனோ நைஃபு', அதாவது பழக்கத்தி. பெட்டியும் நைஃபுதான். ஆனால் சின்ன மீனைச் சுத்தம் செய்யும் கத்தி 'அஜிகிரி ஹோச்சோ'. அஜி என்பது பாரை இனத்து மீன். கிரி என்றால் வெட்டுவது. மீன் வெட்டும் கனமான கத்தி டெபா. அதன் சின்ன வடிவம் 'கோ-டெபா'.

மீன் வேலை அவர்களிடம் தொன்றுதொட்டு இருந்தது. அதனால் கத்தி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சொந்தப் பெயர் நிலைத்தது. மேற்கத்தியச் சமையலோடு வந்த சின்னக் கத்தி மேற்கத்தியப் பெயரோடு தங்கிவிட்டது. பெயரைப் பார்த்தாலே அந்த வேலை எங்கிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பெரிய கத்தியான கியூட்டோவின் கதை வேறு. 'கியூ' என்றால் மாடு, 'டோ' என்றால் வாள் அல்லது கத்தி. கி.பி. 675-இல் பேரரசர் தென்மு, மாடு உள்ளிட்ட சில விலங்குகளின் இறைச்சியை உண்ணத் தடை விதித்தார். எல்லோரும் இறைச்சியை அடியோடு விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வேட்டை இறைச்சி உண்டவர்கள் இருந்தார்கள். ஆனாலும் மாட்டிறைச்சி பல நூற்றாண்டுகள் ஒதுக்கப்பட்ட உணவாகவே இருந்தது. 1859-இல் யோகோஹாமா துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது. 1872-இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் புதுச் சமையலுக்கு ஐரோப்பிய சமையல்காரர்களின் கத்தியைப் பார்த்து ஜப்பானியக் கொல்லர்கள் செய்ததுதான் கியூட்டோ. பெயர் சுத்த ஜப்பானியம், வடிவம் ஐரோப்பியம்.

சாமுராய் விளம்பரத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1876-இல் பொது இடத்தில் வாள் அணிந்து நடக்கத் தடை வந்தது. வாள் செய்த கொல்லர்களில் பலர் கத்தி, கத்தரிக்கோல் பக்கம் திரும்பினார்கள். கைத்திறன் பழையது. ஆனால் நாம் வாங்கும் கத்தியின் வடிவம் பெரும்பாலும் புதியது.

சான்டோகு இன்னும் புதியது. 'மூன்று நற்பண்புகள்' என்று பொருள். இறைச்சி, மீன், காய்கறி மூன்றையும் நறுக்கும் என்று விளக்கம் சொல்வார்கள். காய்கறிக்கென்றே இருந்த 'நாகிரி' என்ற தட்டையான கத்தியையும் கியூட்டோவையும் கலந்த உருவம் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வீடுகளில் பரவியது. 1955-இல் தொடங்கிய ஜப்பான் வீட்டுவசதிக் கழகம், சமையலறையும் சாப்பாட்டு இடமும் ஒன்றாக உள்ள சிறிய அடுக்குமாடி வீடுகளை ஏராளமாகக் கட்டியது. மூன்று கத்தி செய்யும் வேலையை ஒரே கத்தி செய்தால் அப்படிப்பட்ட சமையலறைக்கு எவ்வளவு வசதி என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

'அப்படியானால் எதுதான் அசல் ஜப்பானியம்?' என்று கேட்பீர்கள். 'ஹோச்சோ' என்ற சொல்லே சீனத்திலிருந்து வந்ததுதான். 'சுவாங்ஸி' என்ற பழைய சீன நூலில், மாட்டை அறுப்பதில் கைதேர்ந்த ஒரு சமையல்காரர் வருகிறார். அவரைக் குறித்த சொல்தான் ஜப்பானில் கத்தியின் பெயராக மாறியது. ரொட்டிக்கு அவர்கள் சொல்லும் 'பான்', போர்ச்சுகீசியச் சொல். இலங்கைத் தமிழர் சொல்லும் 'பாண்' அதே சொல்தான். நம்முடைய ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் அதே கப்பலில் வந்தவைதானே. கடன் வாங்கியதால் ஜப்பானியரின் தொழில் குறைந்துவிடவில்லை. வாங்கியதைத் தங்கள் கைக்கும் சமையலறைக்கும் ஏற்றபடி மாற்றி, அதில் பேரும் எடுத்தார்கள். ஆகவே பழமைக்காக மட்டும் அதிக விலை கொடுக்காதீர்கள். வேலைக்காகக் கொடுங்கள்.

அந்த வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தினசரி காய்கறிக்கு சான்டோகு ஒன்று, பழத்துக்கும் சில்லறை வேலைக்கும் பெட்டி ஒன்று. பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும். டெபா போன்ற பாரம்பரியக் கத்திகள் ஒரு பக்கம் மட்டும் தீட்டப்பட்டவை. வலது கைக்காரருக்குச் செய்தது இடது கைக்காரருக்குச் சரிவராது. பெட்டியும் சான்டோகுவும் பொதுவாக இரு பக்கமும் தீட்டியவை. அந்தத் தொல்லை இல்லை.

இவற்றின் விளிம்பு மெல்லியது, எஃகு கடினமானது. எலும்பு, தேங்காய் ஓடு, உறைந்த உணவு ஆகியவற்றில் போட்டால் விளிம்பு சில்லுச் சில்லாக உடையும். கிரானைட் மேடையில் வைத்து நறுக்காதீர்கள், மரப்பலகை வையுங்கள். கழுவியதும் துடைத்துவிடுங்கள். பாத்திரங்களோடு சிங்க்கில் போட்டுவைக்க வேண்டாம். அடுத்து அதில் கைவிடப் போவது நம் வீட்டில் வேலைக்கு உதவும் அம்மாவாக இருக்கலாம், குழந்தையாகவும் இருக்கலாம்.