அந்த 25 எங்கிருந்து வந்தது?



வர்க்கப்பூர்த்தி முறையை நடத்தும்போது, "பாதியை வர்க்கப்படுத்தி இருபுறமும் கூட்டு" என்கிறோம். "ஏன் கூட்டணும், டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டால், "அதுதான் முறை" என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அவளுக்கான விடை ஒரு படத்தில் இருக்கிறது.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எடுத்துக்கொண்ட கணக்கு இது: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் 10 மடங்கைக் கூட்டினால் 39. அந்த எண் எது?

இன்றைய குறியீடுகள் அவரிடம் இல்லை. எனவே, தெரியாத எண்ணைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரைந்தார். 10 மடங்கை இரண்டாகப் பிரித்து, 5 அகலமுள்ள இரு செவ்வகங்களை அடுத்தடுத்த பக்கங்களில் ஒட்டினார். இதுவரை பரப்பு 39. மூலையில் 5க்கு 5 இடம் காலியாக இருக்கிறது. அதன் பரப்பு 25. அதை நிரப்பினால் 39 + 25 = 64; பெரிய சதுரத்தின் பக்கம் 8. அதில் 5 போக, எண் 3. மூலையை நிரப்புவதுதான் பூர்த்தி!

அவர் நூலின் தலைப்பிலுள்ள 'அல்-ஜபர்' என்ற சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. இயற்கணிதம் வடிவியலின் கைபிடித்து நடந்த காலம் அது.

பின்னர் வடிவியலுக்கு இயற்கணிதம் கைகொடுத்தது. 1637இல் டெகார்ட் தம் 'வடிவியல்' நூலில் வளைவரைகளைச் சமன்பாடுகளால் ஆராய்ந்தார். ஃபெர்மாவும் தனியே அதே வழியைக் கண்டார். ஆயத்தொலை வடிவியல் பிறந்தது. அதில் நாம் மனப்பாடம் செய்யவைக்கும் தொலைவுச் சூத்திரம் பிதாகரஸ் தேற்றமேதான்.

ஒன்று மற்றொன்றுக்கு ஏன் தேவை? அதே கணக்குக்கு −13 என்றொரு தீர்வும் உண்டு. சதுரத்தின் பக்கம் குறை எண்ணாக இருக்க முடியாது. படம் அதைக் காட்டாது, சமன்பாடு காட்டும். சமன்பாடு சொல்லாத 'ஏன்' என்பதைப் படம் சொல்லும்.

ஆங்கிலத்தில் எண்ணுக்கும் உருவத்துக்கும் ஒரே சொல். தமிழில் எண்ணுக்கு 'வர்க்கம்', உருவத்துக்குச் 'சதுரம்'. இரண்டும் ஒன்றே என்பதை நாம்தான் காட்ட வேண்டும். தொடக்க வகுப்பில் 4, 9, 16 புளியங்கொட்டைகளைச் சதுரமாக அடுக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் கட்டத்தாளை வெட்டி மூலையை நிரப்பச் சொல்லுங்கள். பாடநூலில் இயல்கள் தனித்தனியாக இருக்கலாம். குழந்தையின் மனத்தில் அவை சேர வேண்டும்.