உறுதியில் உங்கள் பெயர்

(பழைய மாணவிகள் சங்கத்தின் ஐக்கிய இராச்சியக் கிளை நடத்திய நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியர் மேடைக்கு வந்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். செயற்குழுவினர் என்னிடம் கேட்டது வேறு. "வெளிநாட்டில வீடு வாங்கிறதைப் பற்றிப் பேசுங்கோ, இளம் பிள்ளையள் எல்லாரும் அதைத்தான் கேட்கினம்" என்றார்கள். நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் குடும்ப வைத்தியர் என்ற முறையில் இந்த விடயம் என் அறைக்குள்ளும் வருகிறது. நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வரும் பெண்களோடு கொஞ்சம் பொறுமையாகக் கதைத்தால், சில வேளைகளில் அடியில் ஒரு வீடு இருக்கும். கணவர் காலமாகிவிட்டார், வீடு யாருடைய பெயரில் என்று தெரியாது. அல்லது குடும்பம் பிரிகிறது, இருபது வருடம் சமைத்த வீட்டில் தன் பெயர் இல்லை என்று அப்போதுதான் தெரிகிறது. ஆகவே நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான்: வீடு வாங்கும்போது உங்கள் பெயரும் உறுதியில் இருக்கட்டும். கையெழுத்து வைக்கும் தாளை நீங்களே வாசியுங்கள்.

நான் பேசுவது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்கொட்லாந்தின் முறையே வேறு. கனடா 2023 ஜனவரியிலும், ஏற்கனவே கட்டிய வீடுகளைப் பொறுத்து அவுஸ்திரேலியா 2025 ஏப்ரலிலும், வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்குத் தடை கொண்டுவந்தன. அங்கே தற்காலிக விசாவில் இருக்கும் தங்கைமார் முதலில் தங்கள் வதிவிட நிலையைப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும். சீதனத்தின் கொடுமைகளை நான் மறைக்கவில்லை. ஆனாலும் உறுதியில் அம்மாவின் பெயர் இருந்தது. அதிலும் ஒரு முடிச்சு உண்டு. தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கான 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்றது. இங்கிலாந்தில் அப்படி ஒரு சம்மதம் தேவையில்லை. ஆனால் மணம் முடித்ததாலோ மாதாமாதம் செலவைப் பகிர்ந்ததாலோ உங்கள் பெயர் தானாக உறுதியில் ஏறாது. பிரியும்போது நீதிமன்றம் மனைவியின் பங்கைக் கவனிக்கும், உண்மை. அதற்கு வழக்கும் காலமும் காசும் வேண்டும்.

இனி வாங்கும் முறை. ஊரில் நொத்தாரிசு முன் உறுதி முடித்தால் அலுவல் முடிந்துவிடும். இங்கே விலை பேசி, விற்பவர் "சரி" என்று சொன்னாலும் அது யாரையும் கட்டாது. சட்டத்தரணிகள் தேடுதல்களை முடித்து ஒப்பந்தங்களைப் பரிமாறும் நாளில்தான், பொதுவாக 10 சதவீதம் கட்டி, இரு பக்கமும் கட்டுப்படுகிறது. அதற்கு முன் விற்பவர் கூடிய விலை தரும் இன்னொருவரிடம் போகலாம். நீங்களும் விலகலாம். ஆகவே பரிமாற்றம் முடியும்வரை வாடகை வீட்டை விடாதீர்கள்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காகப் பார்க்கிறார், உங்களுக்காக அல்ல. பழைய வீடு என்றால் உங்கள் செலவில் தனியாக ஒரு சேர்வே செய்யுங்கள். சுவரில் ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை என்ன பாடுபடும் என்பதை நான் அடிக்கடி காண்கிறேன். ஃபிளாட் என்றால் பெரும்பாலும் குத்தகை உரிமைதான். எத்தனை வருடம் மீதி என்று கேளுங்கள். 80 வருடத்துக்குக் கீழே போனால் நீட்டிக்கும் செலவு கூடும், கடன் தர வங்கிகளும் தயங்கும்.

காசு எங்கிருந்து வந்தது என்று சட்டத்தரணி கேட்பார். கறுப்புப் பணத்தைத் தடுக்கும் விதிகளின்படி அவர் கேட்டே ஆக வேண்டும். சீட்டு எடுத்த காசு, நகை விற்ற காசு, அண்ணர் அனுப்பிய காசு எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். பெற்றோர் காணி விற்றுத் தந்தால், "இது அன்பளிப்பு, வீட்டில் எனக்கு உரிமை இல்லை" என்று அவர்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு அதைத் தமிழில் விளக்கிய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

இப்போது இங்கிலாந்தின் முத்திரை வரிக்கு வருகிறேன். "உலகில் எங்காவது உங்களுக்கு வேறு வீடு இருக்கிறதா?" என்று எங்கள் சட்டத்தரணி கேட்டார். யாழ்ப்பாணத்துச் சீதன வீடு உண்டு என்றேன். அந்த ஒரு பதிலோடு நான் "முதல் வீடு வாங்குபவர்" அல்லாதவள் ஆனேன். சீதனமோ முதுசமோ, எந்த நாட்டிலும் முன்பு ஒரு வீடு உங்களுக்குச் சொந்தமாக இருந்திருந்தால் அந்தச் சலுகை இல்லை. அந்த வீடு இன்றும் உங்களிடம் இருந்து, உங்கள் உரிமையின் மதிப்பு 40,000 பவுண் அல்லது அதற்கு மேல் என்றால், முழு விலைக்கும் மேலதிகமாக 5 சதவீதம் வரி. 2025 ஏப்ரல் முதல் உள்ள வீதங்களில் 4 லட்சம் பவுண் வீட்டுக்குக் கணக்குப் பாருங்கள். முதல் வீடு என்றால் வரி 5,000 பவுண். சலுகை இல்லாவிட்டால் 10,000. மேலதிக வரியும் சேர்ந்தால் 30,000.

இங்கேதான் பெண்களின் பெயர் காணாமல் போகிறது. "உம்முடைய பெயரைப் போட்டால் வரி கூடும், என்னுடைய பெயரில் மட்டும் வாங்குவம்" என்று வீட்டில் பேச்சு எழும். அது எப்போதும் சரியான கணக்கும் அல்ல. சேர்ந்து வாழும் கணவன் மனைவியை மேலதிக வரி ஒன்றாகவே பார்க்கிறது. மனைவியின் ஊர் வீடு அந்த மதிப்பைத் தொட்டால், கணவர் தனியே வாங்கினாலும் வரி வரும். தொடாவிட்டால் மிச்சம் பிடிக்கலாம், நான் சொன்ன உதாரணத்தில் 5,000 பவுண். 4 லட்சம் பவுண் வீட்டில் ஒரு பெண்ணின் இடத்துக்கு அதுதானா விலை? வரிக்குப் பயந்து ஊர் வீட்டை மறைக்கவும் வேண்டாம். அது சட்டப்படி குற்றம்.

இன்னொரு தாள் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு கணவர் பெயரில் மட்டும் என்றால், அங்கே குடியிருக்கப் போகும் மனைவியிடம் வங்கி ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கும். அதனால் பங்கு கிடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். மாறாக, கடன் கட்டாமல் போனால் உங்கள் உரிமை வங்கியின் உரிமைக்குப் பின்னால்தான் என்று ஒப்புக்கொள்ளும் தாள் அது. உங்களுக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

இரு பெயரில் வாங்கும்போதும் ஒரு தெரிவு உண்டு. "ஜொயின்ட் டெனன்ட்ஸ்" என்றால் ஒருவர் காலமானதும் வீடு முழுவதும் மற்றவருக்கு. "டெனன்ட்ஸ் இன் கொமன்" என்றால் அவரவர் பங்கு தனி, அது மரணசாசனப்படி போகும். முன்னைய மணத்தில் பிள்ளைகள் உள்ளவர்களும் பெற்றோரின் காசு போட்டவர்களும் இரண்டாவதை யோசிக்கலாம். அப்படியானால் மரணசாசனத்தையும் எழுதுங்கள். பெயர் ஏறினால் கடனும் சேர்ந்து ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். மற்றவர் கட்டாவிட்டால் முழுத் தொகையையும் வங்கி உங்களிடம் கேட்கலாம்.

ஏற்கனவே வாங்கியவர்கள் இன்றிரவே பார்க்கலாம். காணிப் பதிவகத்தின் இணையத்தளத்தில் சில பவுண் கட்டினால், எந்தப் பதிவான வீட்டின் உரிமைப் பதிவையும் யாரும் எடுக்கலாம். உங்கள் பெயர் இல்லாவிட்டால், 1996ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தின்கீழ் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பதியலாம். கணவரின் சம்மதம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் பதிந்ததைப் பதிவகம் அவருக்கு அறிவிக்கும். வீட்டில் பயத்தோடு இருப்பவர்கள் முதலில் ஒரு சட்டத்தரணியிடமோ தங்கள் வைத்தியரிடமோ கதைத்துவிட்டுச் செய்யுங்கள். இது வீட்டில் இருக்கும் உரிமைதான், சொந்தம் அல்ல.

என் கணவரை நம்புகிறேன், இதெல்லாம் எதற்கு என்று சில தங்கைமார் கேட்கக்கூடும். நானும் என் கணவரை நம்புகிறேன். நம்பிக்கை உள்ள காலத்தில்தான் இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்து இதை எழுதலாம். நோய் வந்த பிறகும் பிணக்கு வந்த பிறகும் எழுதுவது எவ்வளவு கடினம் என்று என் தொழிலில் பார்க்கிறேன்.

நூறு வருடமாக எங்கள் கல்லூரி பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வருகிறது. விளங்காத தாளில் கையெழுத்து வைப்பதற்காக அல்ல. இதைச் செய்யத் தெரியாமல் தனியே நிற்கும் பழைய மாணவி எந்த நாட்டில் இருந்தாலும், எங்கள் கிளைகளில் உள்ள சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் ஒரு மணி நேரம் அவருக்கு ஒதுக்க வேண்டும் என்று இந்தச் சபையைக் கேட்டுக்கொள்கிறேன். படிவங்களை வாசித்துத் தமிழில் விளக்குவதற்கு நானும் வருகிறேன்.