இளிவரலும் அறமும்



சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வருவோர் புதுவை மண்ணில் முதலில் கால் வைக்கும் ஊர் இந்தக் கனகசெட்டிக்குளம். 2020 மார்ச் இறுதியில், கொரோனா ஊரடங்கின்போது, இங்குள்ள எல்லை அடைக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடக் கோடு, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களுக்கு நடுவே மீண்டும் உயிர்பெற்றது. நேற்றுவரை உறவினராக இருந்தவர் ஒரே நாளில் 'சென்னைக்காரர்' ஆனார். அவருக்கு நோய் உண்டா இல்லையா என்று தெரியுமுன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நோயை எங்கே வைத்தார் என்பது இவ்விடத்தில் எண்ணத்தக்கது. வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தம் தலைவர் என அச்சத்திற்கு அவர் கூறும் நிலைக்களன்கள் நான்கு. அவற்றுள் நோய் இல்லை. முதுமை, துன்பம், எளிமை ஆகியவற்றோடு சேர்த்து அதனை இளிவரலுக்கு உரியதாக்கினார். இளிவரலாவது அருவருப்பும் இழிவுணர்ச்சியும். அது தன்னிடத்தும் தோன்றும், பிறரிடத்தும் தோன்றும் என்பர் உரைகாரர். தன் நோய் பற்றித் தோன்றினால் அது நாணம். பிறர் நோய் பற்றித் தோன்றினாலோ, நோயாளியையே இழிந்தவராக்கிவிடுகிறது.

கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழக உளவியலாளர் இருவர், 2020 மார்ச் முதல் மே வரை அமெரிக்கர் 900 பேருக்கு மேற்பட்டோரிடம் ஆராய்ந்து, 2021இல் முடிவை வெளியிட்டனர். தமக்குத் தொற்று வருமோ என்று மிகவும் கவலையுற்றோர், நோயோடு தொடர்பே இல்லாத தவறுகளையும் ஏனையோரைவிடக் கடுமையாகக் கண்டித்தனராம். கவலைதான் காரணம் என்று அவ்வாய்வு நிறுவிவிடவில்லை. இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன என்பதே அதன் முடிவு. எனினும், கடுமையாகத் தீர்ப்பளித்தவர் எவரும் தம் வாயால் அச்சம் பேசுகிறது என்று எண்ணியிருக்கமாட்டார். அறம் பேசுகிறது என்றே எண்ணியிருப்பார்.

இதே சாலையின் மறுமுனைக்குச் செல்வோம். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை, நாடு முழுவதும் போல் சென்னையும் மருத்துவர்களுக்காகக் கைதட்டியது. ஏப்ரல் 19, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய முடியவில்லை, எதிர்ப்பு. அண்ணாநகர் வேலங்காட்டு இடுகாட்டிலோ கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்சின் கண்ணாடி உடைந்தது. உடன் வந்தோர் காயமுற்றனர். கைதட்டலுக்கும் கல்லெறிக்கும் இடையே 28 நாள். எறிந்தவர்கள் தம் பிள்ளைகளைக் காப்பதாகவே நம்பியிருப்பார்கள். வெகுளிக்கு அதைவிட வலிய காரணம் வேறென்ன?

அடுத்த வாரமே, அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தோரின் இறுதிச் சடங்கைத் தடுப்பது மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம் எனத் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. சட்டம் கையைக் கட்டும். இளிவரலை என் செய்யும்?

புதுவையும் விலக்கன்று. அவ்வாண்டு ஜூனில், கோபாலன்கடை இடுகாட்டில் ஓர் உடலைப் பாதுகாப்புடை அணிந்த ஊழியர்கள் குழிக்குள் எறிந்துவிட்டு அகன்ற காட்சி நாடெங்கும் பரவியது. செயல் கொடியது, ஐயமில்லை. ஆனால் அதைக் கண்டு வீட்டுக்குள் அமர்ந்தபடி அவர்களை மனிதரே அல்லர் என்று வைதோர், தொற்றுள்ள உடலைத் தூக்கும் வேலையை அதற்கு முந்தைய நாள்வரை யார் தலையில் வைத்திருந்தனர்? அந்த வசையிலும் இளிவரலின் வாடை உண்டு. ஊரடங்கு நாள்களில் எழுந்த கவிதைகளில் கண்டனம் மிகுதி, கையறுநிலை குறைவு என்று சொன்னால் கவிஞர் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாக.

தொல்காப்பியர் பெருமிதத்திற்குச் சொன்ன நான்கனுள் தறுகண்மையும் ஒன்று. வேலங்காட்டில் கல்லெறிக்குப் பின், மருத்துவர் பிரதீப் குமார் தம் நண்பரின் உடலோடு அதே இடத்திற்குத் திரும்பிச் சென்றார். உடனிருந்தோர் மருத்துவமனை ஊழியர் இருவரும் காவலரும். நள்ளிரவு கடந்த நேரத்தில், மண்வெட்டி கொண்டும் கைகளாலும் அவர்களே குழியை மூடினர்.